ஒன்பது சென்டிமீட்டர்

அவள் ஊசி பிடித்து நாலு வருஷமாகிறது.
வால்விஸ் பே மீன் தொழிற்சாலையின்
மருத்துவ அறையில்
ஊசி போடுவது நான்.
கையெழுத்துப் போடுவது லோய்டே அமுக்வாயா.
என்னைவிட ஆறு வயது இளையவள்.
அந்த நாற்காலிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலை ஐந்தரை.
கடல்மூட்டம் கதவுவரை வந்து நிற்கும்.
அதைக் கிழித்துக்கொண்டு
வெள்ளை ரப்பர் பூட்சுகள் வரிசையாய் வரும்,
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு.
வலி மாத்திரை கொடுப்பேன். பதிவேட்டில் எழுதுவேன்.
பெயர், வயது, பிரிவு எண், மணிக்கட்டு, மாத்திரை இரண்டு.
அடுத்தவர்.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
என் வேகத்தில் எனக்குப் பெருமை உண்டு.

அவளோ கதவைச் சாத்திக்கொண்டு
பழைய பதிவேடுகளைப்
படித்துக்கொண்டிருந்தாள்,
தொடர்கதை படிப்பவளைப்போல.
மூன்று நாள்.
வெளியே கூட்டம், உள்ளே அவள்,
நடுவில் என் பல்கடி.
நாலாம் நாள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"எல்ஃப்ரீடா, ஏழாம் மேசையில் யார் யார் நிற்கிறார்கள்?"

மாத்திரை வாங்கிய நாற்பத்தொரு பேரில்
இருபத்தாறு பேர் ஏழாம் மேசை.
பிரிவு எண் கட்டத்தை நிரப்பியதெல்லாம் நான்தான்.
ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் ஏப்ரன் கட்டிக்கொண்டு
ஏழாம் மேசைக்குப் போனாள்.
ஒரு மணி நேரம் ஹேக் மீன் அறுத்தாள்.
அறுத்ததில் பாதி கந்தல்.
பெண்கள் சிரித்தார்கள்,
"மேடம், இதைப் பூனைக்குப் போடலாம்" என்றாள்
ருசாலியா ஹைம்போடி.
லோய்டேயும் சிரித்தாள். சிரித்தபடியே
சட்டைப்பையிலிருந்து
இடுப்பளவு எடுக்கும் நாடாவை உருவி
தரையிலிருந்து மேசைக்கு,
தரையிலிருந்து ருசாலியாவின் முழங்கைக்கு.

யாரோ நெட்டை ஆண்களுக்காகச் செய்த மேசை.
வேறு கடற்கரையில் பழசாகி
கப்பலேறி வந்தது.
ஒன்பது சென்டிமீட்டர் அதிகம்.
கத்திகளோ வெண்ணெய்கூட வெட்டாது.

அந்த மாத மருந்துப் பட்டியலில்
வலி மாத்திரையைப் பாதியாய் அடித்துவிட்டு
கீழே எழுதினாள்:
நிற்பதற்குப் பலகை, ஒன்பது செ.மீ. உயரம், பன்னிரண்டு.
சாணை இயந்திரம், ஒன்று.

உற்பத்தி மேலாளர் தியோ ஸ்வார்ட்
பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பலகை எப்போதிருந்து மருந்து?"
"மருந்துதான்.
நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம்,
காலுக்குக் கீழே."

குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த நான்
இருமுவதுபோல் நடித்தேன்.

அவர் விடவில்லை.
கர்ப்பமாயிருப்பவர்கள் பட்டியல் வேண்டும்,
ஷிஃப்ட் திட்டமிடத்தான் என்றார்.
"பதினொரு பேர்."
"பெயர்கள்?"
"பதினொரு பேர். இரவு ஷிஃப்டில் பதினொரு மாற்று ஆள் போதும்."
பேனாவை மூடி வைத்தாள்.
மூடி பொருந்திய அந்தச் சின்ன 'டிக்'
அறை முழுக்கக் கேட்டது.

பலகைகள் ஐந்தாம் வாரம் வந்தன.
பன்னிரண்டு கேட்டதற்கு ஏழு.
மாறி மாறி நிற்கிறார்கள்.
வரிசை குறைந்தது, நிற்கவில்லை.
ருசாலியாவின் மணிக்கட்டுக்கு
எல்லாம் தாமதமாகிவிட்டது.
இப்போது லேபிள் ஒட்டுகிறாள்,
சம்பளத்தைக் குறைக்காமல் இருக்க
லோய்டே எழுதிய மூன்று கடிதங்களின் நகல்
என் மேசை இழுப்பறையில்.

அதே வாரம்தான்
என் ஈஸ்டர் விடுப்பை மறுத்தாள்.
இரண்டு செவிலியர் இல்லாமல் அறை திறக்கக்கூடாதாம்.
சரிதான். இன்னும் மன்னிக்கவில்லை.

நேற்று மூன்றாம் மேசையிலிருந்து
நாலு பேர், நாலும் இடது தோள்பட்டை.
பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.
அவளிடம் சொல்லவில்லை.
மாலை ஷிஃப்ட் கலைந்து
தரையைக் கழுவிவிட்டுப் போனபின்
நாடாவை எடுத்துக்கொண்டு
நானே போய்ப் பார்க்கப் போகிறேன்.